பாத் டப் மீம்ஸ் நாயகன் டாஃப்ட்... பசியோடு போராடிய அமெரிக்க அதிபரும், அன்று இல்லாத கேஸ்ட்ரிக் பேண்டும்!

ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. அதில் பிரமாண்டமான ஒரு பாத் டப். அதுக்குள்ள நான்கு ஆண்கள் ஹாயாக உட்கார்ந்திருக்கிறார்கள். எப்போதாவது உங்க ஃபீடில் இந்த போட்டோ வந்திருக்கலாம். கூடவே ஒரு கதையும் வந்திருக்கும். அமெரிக்க அதிபர் ஒருத்தர் ரொம்ப குண்டு, வெள்ளை மாளிகையில் குளிக்கும்போது டப்பில் சிக்கிக்கிட்டார், ஆட்கள் வந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தாங்க என்ற கதை.

அந்த டப் உண்மை. 1909-ல் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போர்க்கப்பலில் அவர் கிளம்பியபோது, அவருக்காகவே ஸ்பெஷலாகச் செய்யப்பட்டது அது. 7 அடிக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட 41 அங்குல அகலம். ஆனா, சிக்கிக்கொண்ட கதைக்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அவர் இறந்து சில வருடங்கள் கழித்து வெளியான ஒரு வெள்ளை மாளிகை ஊழியரின் நினைவுக் குறிப்பில் இருந்து கிளம்பி, கை கால் முளைத்து வளர்ந்த கதை அது.

அவர் பெயர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். அமெரிக்காவின் 27-வது அதிபர். அந்த நாட்டின் வரலாற்றில் அதிபர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என இரண்டு பதவிகளிலும் உட்கார்ந்த ஒரே மனிதர். ஆனா, நூறு வருடம் கழித்தும் அவர் பெயரைக் கூகுளில் தட்டினால் பாத் டப்தான் முன்னால வந்து நிற்குது.

டாஃப்ட்டின் உண்மையான கதை அந்த டப்பை விட சுவாரஸ்யமானது. வாழ்நாள் முழுக்க எடையோடு போராடியவர் அவர். இன்று எடை குறைப்புக்காக கேஸ்ட்ரிக் பேண்ட் போடலாமா, வேற சர்ஜரி செய்யலாமா என யோசிக்கிற யாருக்கும் அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கு.

பட்டப்பெயரோடு வளர்ந்த பையன்

1857 செப்டம்பர் 15-ம் தேதி, ஒஹாயோ மாகாணத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார் டாஃப்ட். அப்பா அல்ஃபோன்சோ டாஃப்ட் பெரிய வக்கீல். பிறகு அமெரிக்க அமைச்சரவையிலும் இடம்பிடித்தவர். படிப்பு விஷயத்தில் ரொம்ப கறாரான வீடு.

சின்ன வயசிலேயே பையன் கொஞ்சம் பூசினாற்போல இருந்ததால, கூட விளையாடியவர்கள் வைத்த பெயர் 'பிக் லப்'. நம்ம ஊர் ஸ்கூல்களில் 'குண்டு பூசணி' என்று கூப்பிடுவாங்களே, அதே ரகம்தான். அந்தப் பெயர் யேல் பல்கலைக்கழகம் வரைக்கும் பின்னாடியே வந்தது.

ஆனா, அந்த உடம்பை வைத்துக்கொண்டு பையன் மூலையில் உட்காரவில்லை. யேலில் மல்யுத்தம் போட்டார். 1878-ல் வகுப்பில் இரண்டாவது மாணவராகப் பட்டம் வாங்கினார். அப்போது அவர் எடை சுமார் 110 கிலோ. கிட்டத்தட்ட 6 அடி உயரம் என்பதால், பார்க்கிறவர்களுக்குப் பலசாலியாகத்தான் தெரிந்தார். இந்த 110 என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வரும்.

சட்டம் படித்தார், வக்கீல் ஆனார், 29 வயசில் நீதிபதி ஆனார். 1886-ல் நெல்லி ஹெரானைத் திருமணம் செய்துகொண்டார். டாஃப்ட்டுக்கு ஆயுசுக்கும் ஒரே ஒரு கனவுதான், உச்ச நீதிமன்றம். நெல்லிக்கும் ஒரே கனவு, வெள்ளை மாளிகை. வீட்டில் யார் கனவு முதலில் ஜெயித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

சிரித்துச் சமாளித்த மனிதர்

1900-ல் டாஃப்ட்டை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பியது அமெரிக்கா. அடுத்த வருடம் அங்கே கவர்னர் ஆனார். மணிலாவின் வெயில், ஓயாத வேலை, காய்ச்சல் என உடம்பு படுத்திய காலம் அது.

ஒரு தடவை உடம்பு தேறி, மலைப்பகுதிக்குக் குதிரையில் 25 மைல் சவாரி போய்விட்டு நல்லா இருக்கேன் என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். அங்கிருந்து போர்த்துறைச் செயலாளர் எலிஹு ரூட் அனுப்பிய பதில் தந்தியில், டாஃப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குதிரை எப்படி இருக்கு என்று மட்டும்தான் விசாரித்திருந்தார்!

டாஃப்ட் கோபப்படவில்லை. அந்த ஜோக்கை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். தன்னைப் பற்றிய கிண்டல்களுக்கு முதல் ஆளாகச் சிரிப்பது அவர் பழக்கம். எடை அதிகமாக இருக்கிற பலருக்கு இது நல்லாவே தெரிந்த டெக்னிக். மத்தவங்க சிரிப்பதற்கு முன்னாடி நாமே சிரித்துவிட்டால் கொஞ்சம் கம்மியாக வலிக்கும்.

ஆனா, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி அவர் உடம்பைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டார் என்பது அவர் எழுதிய கடிதங்களில்தான் இருக்கு.

லண்டன் டாக்டருக்கு ஒரு கடிதம்

1905 டிசம்பர். டாஃப்ட்டுக்கு 48 வயசு. இப்போது அவரே போர்த்துறைச் செயலாளர். எடை 142 கிலோ. நெஞ்செரிச்சல், அஜீரணம், சோர்வு, சரியில்லாத தூக்கம் எனத் தொந்தரவுகள் வரிசைகட்டின. எல்லாத்துக்கும் எடைதான் காரணம் என நினைத்தவர், லண்டனில் இருந்த நதானியல் யார்க்-டேவிஸ் என்ற டாக்டருக்குக் கடிதம் எழுதினார். உடல் பருமனுக்கான உணவுமுறை பற்றிப் புத்தகமே எழுதியிருந்தவர் அந்த டாக்டர்.

இன்னைக்கு ஆன்லைனில் டயட்டீஷியனிடம் கன்சல்டேஷன் வாங்குறோம்ல, அதேதான். மெசேஜுக்குப் பதில் கப்பல் தபால். அவ்வளவுதான் வித்தியாசம்.

டாக்டர் அனுப்பிய டயட் சார்ட் செம ஸ்ட்ரிக்ட். காலை 8 மணிக்கு எலுமிச்சை பிழிந்த வெந்நீர். 9 மணிக்குக் கொழுப்பில்லாத கிரில் செய்த இறைச்சி சுமார் 170 கிராம், மாவுச்சத்து குறைவான குளூட்டன் பிஸ்கட் இரண்டு மூன்று. மதியம் இன்னும் கொஞ்சம் இறைச்சி, வெண்ணெய் சேர்க்காத காய்கறி, சர்க்கரை போடாமல் சுட்ட பழம். சாயங்காலம் பால், சர்க்கரை இல்லாத டீ அல்லது காபி. இரவில் சூப், மீன், இறைச்சி, காய்கறி எல்லாமே அளந்து அளந்து.

தினமும் எடை பார்க்கணும். குறித்து வைக்கணும். வாரா வாரம் டாக்டருக்கு எழுதணும். டாஃப்ட் ஒழுங்காகச் செய்தார்.

1906 ஏப்ரலில் அவர் எடை 116 கிலோ! நாலு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் காலத்தில் சுமார் 27 கிலோ குறைந்திருந்தது. உடம்பு லேசாக இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனா, கடிதங்களில் டாஃப்ட் ஒரு விஷயத்தையும் சேர்த்தே எழுதினார். தனக்கு எப்போதும் பசித்துக்கொண்டே இருக்கிறது என்று.

அந்தப் பசிதான் இந்தக் கதையின் வில்லன்.

பசி ஜெயித்த கதை

அடுத்த மூணு வருடத்தில் குறைந்த எடை எல்லாம் திரும்ப வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, பழைய எடையையும் தாண்டிப் போனது. 1909 மார்ச்சில் அதிபராகப் பதவியேற்றபோது டாஃப்ட்டின் எடை 160 கிலோ.

இதைப் படிக்கும்போது மனக்கட்டுப்பாடு இல்லாத மனுஷன் என்று தோணும். அன்றைய அமெரிக்காவும் அப்படித்தான் நினைத்தது. கார்ட்டூன்கள் கிண்டலடித்தன. ஆனா யோசிச்சுப் பாருங்க. படிப்பில் வகுப்பின் இரண்டாவது ஆள், 29 வயசில் நீதிபதி, ஒரு நாட்டின் நிர்வாகத்தையே தோளில் சுமந்தவர். இவருக்கா ஒழுக்கம் இல்லை?

இன்றைய மருத்துவம் இதை வேற மாதிரி பார்க்குது. எடை குறையும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். பசியைத் தூண்டுகிற 'கிரெலின்' ஹார்மோன் கூடும். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன்கள் குறையும். உடம்பு செலவழிக்கிற சக்தியும் கம்மியாகும். அதாவது, முன்பைவிட அதிகமாகப் பசிக்கும், முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட்டாத்தான் எடை நிற்கும். டயட்டை முடித்து மாசங்கள் ஆன பிறகும் இது தொடரும். பலருக்குக் குறைந்த எடை திரும்ப வருவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

டாஃப்ட்டுக்கு இதையெல்லாம் சொல்ல அன்று யாரும் இல்லை. அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, திரும்பவும் டயட்டைத் தொடங்கினார்.

வெள்ளை மாளிகையில் தூங்கிய அதிபர்

அதிபர் பதவி அவருக்குப் பிடிக்கவே இல்லை. பதவியேற்று இரண்டரை மாசம்கூட ஆகவில்லை, 1909 மே மாதம் நெல்லிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. நாட்டு வேலைக்கு நடுவே, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பேசக் கற்றுக்கொடுத்தார் டாஃப்ட். அரசியலில் அவரை வளர்த்துவிட்ட நண்பர் தியோடர் ரூஸ்வெல்ட்டோடும் கசப்பு வந்தது. ஸ்ட்ரெஸ் ஏற ஏற, சாப்பாடும் ஏறியது.

சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது. கோல்ஃப் வெறியர் அவர். உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் வைத்துக்கொண்டார். 1910-ல் பேஸ்பால் சீசனின் தொடக்க மேட்ச்சில் முதல் பந்தை வீசிய முதல் அதிபரும் இவர்தான். ஆனாலும் எடை மட்டும் அசையவில்லை.

இதைவிட விநோதமான ஒரு பிரச்னையும் இருந்தது. டாஃப்ட் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஓபெரா பார்க்கும்போதும் பொது நிகழ்ச்சிகளிலும் தூங்கினார். கூடவே இருந்த ராணுவ உதவியாளர் ஆர்ச்சி பட், தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். அதிபரை எழுப்பிவிட வழி தேடுவதே அவருக்குப் பெரிய வேலை. அந்த ஆர்ச்சி பட், 1912-ல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிப் போனார். கடிதங்கள் மட்டும் மிச்சம்.

2003-ல் ஒரு அமெரிக்க டாக்டர் இந்தப் பதிவுகளை எல்லாம் திரட்டி ஆராய்ந்து, டாஃப்ட்டுக்கு இருந்தது 'ஸ்லீப் ஆப்னியா'வாக இருக்கலாம் என மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். தூக்கத்தில் தொண்டைப் பகுதி அடைபட்டு, மூச்சு விட்டு விட்டு நிற்கிற பிரச்னை இது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. பகல் முழுக்கக் கண் சொக்கும், ரத்த அழுத்தம் ஏறும். டாஃப்ட்டுக்கு ரத்த அழுத்தமும் அதிகமாகவே இருந்தது.

சோம்பேறி அதிபர் என்று ஊரே சிரித்த ஒருத்தர், பெரும்பாலும் நோயாளியாக இருந்திருக்கிறார்.

இன்னைக்கு அவர் க்ளினிக்குக்கு வந்திருந்தால்?

6 அடி உயரம், 160 கிலோ. பி.எம்.ஐ கணக்குப் போட்டால் 47-ஐத் தாண்டும். கூடவே உயர் ரத்த அழுத்தம், ஸ்லீப் ஆப்னியா. இன்று எந்த டாக்டரும் எடை குறைப்பு சர்ஜரி பற்றிக் கண்டிப்பாகப் பேசுவார். இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல்படி பி.எம்.ஐ 35-க்கு மேல் இருந்தாலே சர்ஜரியைப் பரிசீலிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் போன்றவை வருவதால், நமக்கு அந்த எல்லை 27.5. எல்லையைத் தொட்டவங்க எல்லோரும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகணும் என்று அர்த்தம் இல்லை. டாக்டரிடம் பேசும்போது அதுவும் ஒரு சாய்ஸாக மேஜைக்கு வரும், அவ்வளவுதான்.

டாஃப்ட் காலத்தில் அந்த சாய்ஸே கிடையாது. எடை குறைப்புக்கான குடல் ஆபரேஷன்கள் தொடங்கியதே 1950-களில்தான். 1960-களில் இரைப்பை பைபாஸ் வந்தது. 1980-களில்தான் நாம் பேசுகிற கேஸ்ட்ரிக் பேண்டுக்கு வழி பிறந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் வேலை பார்த்த லுபோமிர் குஸ்மாக் என்ற உக்ரேனிய சர்ஜன், 1986-ல் தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற பேண்டைக் கொண்டுவந்தார். எத்தியோப்பியாவில் பிறந்த மிதிகு பெலாச்யூ, 1993-ல் பெல்ஜியத்தில் அதையே வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், லேப்ராஸ்கோப்பி முறையில் பொருத்தினார். 2001-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

பேண்ட் எப்படி வேலை செய்யுது?

ஒரு பலூனின் மேல்பக்கத்தில் ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? மேலே சின்னதாக ஒரு குமிழ், கீழே பெரிய குமிழ். இரைப்பையிலும் இதேதான். சிலிகான் வளையத்தை இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் பொருத்துவாங்க. மேலே ஒரு குட்டிப் பை உருவாகும். அதில் பிடிப்பதே 15 முதல் 30 மில்லிதான். கொஞ்சம் சாப்பிட்டாலே அது நிறைந்து, வயிறு நிறைந்த உணர்வு வரும். சாப்பாடு மெதுவாகக் கீழே இறங்கும்.

வளையத்தின் உள்பக்கம் காற்றடிக்கும் டியூப் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் பொருத்திய சின்ன 'போர்ட்'டுக்கு வரும். டாக்டர் அந்தப் போர்ட்டில் ஊசி போட்டு சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். சர்ஜரி முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் முதல் தடவை இறுக்குவாங்க. பிறகு எடை, பசி, வாந்தி எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து அட்ஜஸ்ட் செய்வாங்க.

இதன் பெரிய ப்ளஸ், இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றி இணைப்பதில்லை. வேண்டாம் என்றால் கழற்றலாம். இந்த சர்ஜரி செய்துகொண்ட பெண் கர்ப்பமானால், தேவைப்படும்போது தளர்த்திக்கொள்ளலாம்.

மைனஸும் இருக்கு. பேண்ட், இடத்தை விட்டு நழுவலாம். சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளேயே போய்விடும். போர்ட்டில் கசிவு வரலாம். நெஞ்செரிச்சலும் வாந்தியும் தொடரலாம். இதனால திரும்ப ஆபரேஷன் செய்து பேண்டை எடுக்க வேண்டி வந்தவர்கள் நிறைய பேர். நன்றாக மென்று சாப்பிடாவிட்டால் உணவு அடைத்துக்கொள்ளும். அதே சமயம் ஐஸ்க்ரீம், மில்க் ஷேக் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வளையத்துக்குக் கலோரி எண்ணத் தெரியாதே!

முக்கியமான இன்னொரு விஷயம், டாஃப்ட்டின் வில்லனான பசி. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற ஸ்லீவ் சர்ஜரியில், கிரெலின் சுரக்கும் பகுதியும் போய்விடும். பைபாஸிலும் குடல் ஹார்மோன்கள் மாறும். பேண்ட் முக்கியமாக ஒரு தடுப்பு. ஹார்மோன்களை அது அந்த அளவுக்கு மாற்றுவதில்லை. அதனால ஸ்லீவ், பைபாஸ் அளவுக்கு எடையும் குறைவதில்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த பேண்ட் சர்ஜரி, இப்போது அங்கே நடக்கும் மொத்த எடை குறைப்பு சர்ஜரிகளில் மிகச் சிறிய பங்காகச் சுருங்கியதற்குக் காரணம் இதுதான். முதலிடம் இப்போ ஸ்லீவுக்கு. எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் களத்துக்கு வந்தாச்சு.

டாஃப்ட் வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறியது 1913-ல். சரியா நூறு வருடம் கழித்து, 2013-ல் நியூஜெர்சி கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி சத்தமில்லாமல் கேஸ்ட்ரிக் பேண்ட் போட்டுக்கொண்டார். மூணு மாசம் கழித்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது. இவ்வளவு குண்டாக இருப்பவர் அதிபர் ஆகலாமா என்று அமெரிக்க ஊடகங்கள் அவரைப் பற்றி விவாதம் நடத்திய காலம் அது. நூறு வருடத்தில் சர்ஜரி மாறியது, கிண்டல் மட்டும் அப்படியேதான் இருந்தது.

தோற்றவுடன் மெலிந்தவர்

மறுபடி டாஃப்ட்டிடம் வருவோம். 1912 தேர்தலில் ரூஸ்வெல்ட் தனிக் கட்சி தொடங்கி எதிர்த்து நிற்க, ஓட்டு பிரிந்தது. பதவியில் இருந்த அதிபர் டாஃப்ட் மூன்றாவது இடத்துக்குப் போனார். வென்றது இரண்டே மாகாணங்கள். படுதோல்வி.

வேற யாராவது இருந்தால் உடைந்து போயிருப்பார். டாஃப்ட்டுக்கோ அது விடுதலை. யேலுக்கே திரும்பிப் போய், மாணவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். உள்ளூர் டாக்டர் ஒருவரின் மேற்பார்வையில் உணவை மாற்றினார். கிட்டத்தட்ட ஒரே வருடத்தில் 30 கிலோவுக்கு மேல் குறைந்தார். பகல் தூக்கம் போனது. ரத்த அழுத்தம் இறங்கியது.

முன்பு செய்த அதே டயட் இப்போது மட்டும் எப்படி வேலை செய்தது? முழுப் பதிலை இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனா சில மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியுது. பிடிக்காத வேலை போய்விட்டது. விருந்துகள் குறைந்தன. கண்காணிக்க டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். எல்லாத்தையும் விட, 1905-ல் தொடங்கியதை அவர் விடவே இல்லை. யார்க்-டேவிஸோடு மட்டும் பத்து வருடம் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. ஜெயித்த மாசமும் எழுதினார், தோற்ற மாசமும் எழுதினார்.

1921-ல் அவருடைய உண்மையான கனவு நிறைவேறியது. 63 வயசில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. வாஷிங்டனில் வீட்டிலிருந்து கேப்பிடல் கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட 3 மைல் நடந்தே போனார். நீதிமன்ற நிர்வாகத்தைச் சீர்திருத்தினார். உச்ச நீதிமன்றத்துக்கெனத் தனிக் கட்டடம் வேண்டும் என்று போராடி அனுமதியும் வாங்கினார். இன்று நாம் போட்டோக்களில் பார்க்கிற, பெரிய தூண்கள் கொண்ட அந்த வெள்ளைக் கட்டடம் அவர் முயற்சி. அது எழும்புவதைப் பார்க்க அவர் இல்லை.

வருடக்கணக்கில் உயர் ரத்த அழுத்தத்தைத் தாங்கிய இதயம், 1920-களில் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. 1930 பிப்ரவரியில் பதவியை ராஜினாமா செய்தார். மார்ச் 8-ம் தேதி காலமானார். வயது 72. அதற்கு முந்தைய வருடம் அவர் எடை சுமார் 111 கிலோ. கல்லூரியில் மல்யுத்தம் போட்ட பையனின் எடைக்குக் கிட்டத்தட்ட திரும்பி வந்திருந்தார். அதற்கு ஐம்பது வருடம் ஆனது.

பேண்ட் போட நினைப்பவர்களுக்கு...

டாஃப்ட் சர்ஜரி இல்லாமலேயே குறைத்தாரே, அப்போ சர்ஜரி எதுக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா, நடுவில் போன வருடங்களையும் கணக்கில் எடுக்கணும். அந்த வருடங்களில்தான் இதயம் பாதிக்கப்படும், சர்க்கரை நோய் வரும், தூக்கம் கெடும். டயட்டும் உடற்பயிற்சியும் திரும்பத் திரும்பத் தோற்றவர்களுக்கு அந்த வருடங்களை மிச்சப்படுத்தவே சர்ஜரி.

அதே நேரம், சர்ஜரி என்பது ஷார்ட்கட்டும் இல்லை. டாஃப்ட் வாரா வாரம் கடிதம் எழுதினார் என்றால், பேண்ட் போட்டவர் அட்ஜஸ்ட்மென்ட்டுக்காக டாக்டரிடம் ஆண்டுக்கணக்கில் போய் வரணும். கொஞ்சமாக, மெதுவாக, மென்று சாப்பிடப் பழகணும். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கணும். ரத்தப் பரிசோதனை, வைட்டமின் மாத்திரை என ஃபாலோ அப் ஆயுசுக்கும் தொடரும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது சில கேள்விகளை போனிலேயே டைப் செய்து எடுத்துட்டுப் போங்க. என் உடம்புக்கு பேண்டா, ஸ்லீவா, பைபாஸா, மருந்தா? ஏன்? நீங்க இதுவரை எத்தனை பேண்ட் போட்டிருக்கீங்க, அதில் எத்தனையைத் திரும்ப எடுத்தீங்க? ஃபாலோ அப் செலவு பேக்கேஜில் இருக்கா? இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டால் யார் செய்வாங்க? முக்கியமா, குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்க. ஸ்லீப் ஆப்னியா இருப்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பதைப் பாதுகாப்பாகத் திட்டமிட முடியும்.

வாஷிங்டனில் ராக் க்ரீக் என்ற ஓடையின் மேல் ஒரு பெரிய பாலம் இருக்கு. டாஃப்ட் வழக்கமாக நடந்து கடந்த பாலம். அவர் இறந்த அடுத்த வருடம், 1931-ல், அதற்கு டாஃப்ட் பாலம் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த தடவை உங்க ஃபீடில் அந்த பாத் டப் போட்டோ வந்தால், இந்தப் பாலத்தையும் நினைச்சுக்கோங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் யாராவது திரும்பவும் எடை கூடிட்டேன் என்று சொன்னால், மீம் அனுப்பாம, டாக்டரைப் பார்க்கக் கூடவே நானும் வரவா என்று கேளுங்க.